பரங்கிக்காய் பறந்த புதன்கிழமை

“மாமா, நாற்பது விநாடி போதும். ஒரு நெற்கதிரில் தொடங்கிக் கேமரா நேராக நூற்றிருபது மீட்டர் மேலே போக வேண்டும். வயல் அறுக்கப்படாமல் இருக்க வேண்டும். சாயங்கால வெயில் வேண்டும். மனிதர்கள் வேண்டாம். மாடுகள் பரவாயில்லை.”

ஜனவரி 31, வெள்ளிக்கிழமை காலை 9.12-க்கு என் தங்கை மகள் ஸ்டெல்லா அனுப்பிய மின்னஞ்சலின் மூன்றாம் பத்தி இது. அவள் கோலாலம்பூரில் தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பில் இருக்கிறாள். தொடர் அரிசியைப் பற்றியது. முதல் காட்சிக்குத் தஞ்சைப் பக்கத்து நெல்வயல்தான் வேண்டும் என்று அதன் இயக்குநர் சொல்லிவிட்டார். வெளிநாட்டவர் இந்தியாவில் டிரோன் பறக்கவிட முடியாது. உள்ளூர்க் குழுவை அமர்த்த வேண்டும். மலேசியாவின் தைப்பிங்கில் முப்பத்தொரு வருடம் ஆவணக் காப்பாளனாக இருந்து ஓய்வுபெற்ற நான், ஒரு கல்யாணத்துக்காக மயிலாடுதுறை வந்து, ஊர் திரும்ப ஒன்பது நாள் மிச்சம் வைத்திருந்தேன். தேதி, நேரம், எடை மூன்றையும் குறித்துவைக்கும் ஆள் என்பதால் குடும்பத்தில் இம்மாதிரி வேலைகள் என்னிடம்தான் வந்து சேரும்.

தை 21, திங்கள். விடுதிக்கு எதிர்க் கடையில் வெண்பொங்கல். எங்கள் ஊரில் பொங்கல் என்ற பெயரில் கிடைப்பதைவிட இரண்டு மடங்கு நெய். கடிபட்ட மிளகு ஏழு. சாப்பிட்டுவிட்டு மூன்று டிரோன் குழுக்களுக்குத் தொலைபேசினேன்.

முதல் ஆள் எடுத்தவுடன், “கல்யாணமா, காதுகுத்தா?” என்றார்.

“நெல்” என்றேன்.

“நெல்லுக்கு என்னங்க விசேஷம்?”

இரண்டாவது ஆள், “எத்தனை மா? என்ன மருந்து? தண்ணி நீங்க குடுத்துடணும்” என்று ஒரே மூச்சில் கேட்டார். மூன்று மா ஓர் ஏக்கர். இந்தப் பக்கத்து வயல்களில் டிரோன் பெரும்பாலும் பூச்சிமருந்து தெளிக்கத்தான் வருகிறது. கேமரா என்றதும், “அது வெச்சு என்னங்க பண்ணுவீங்க, பூச்சியைப் படம் புடிப்பீங்களா?” என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

மூன்றாவதாகக் கிடைத்தவர் ஜெனிபர். தஞ்சாவூர்க்காரர். உரிமம் பெற்ற விமானி. சினிமா, சீரியல், விளம்பரம் எல்லாவற்றுக்கும் பறப்பவர். அவர் என்னைக் கேள்வி கேட்டார். “நிலத்துக்காரங்க எழுத்துல குடுத்திருக்காங்களா சார்? என்ன தேதி? பக்கத்துல மின்கம்பி எவ்வளவு தூரம்? கதிர் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?” முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு ஒழுங்காகக் கேள்வி கேட்டதில்லை. அப்படியே தஞ்சைப் பெரிய கோயிலையும் மேலிருந்து எடுக்க முடியுமா என்று இயக்குநர் ஆசைப்பட்டதைச் சொன்னேன். “விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்துலங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பதினொரு விநாடி சிரித்தார்.

அவருக்கு ஒழிந்த நாள் புதன்கிழமை ஒன்றுதான். போலீசுக்குக் கொடுக்கும் கடிதத்திலும் அந்தத் தேதியைப் போட்டாயிற்று. வயல்தான் பாக்கி.

தை 22, செவ்வாய். நீடாமங்கலம் பக்கம் பஸ்ஸில் போய் வயல் தேடினேன். பஸ்ஸின் இரு பக்கமும் மொட்டை வயல்கள். சம்பா அறுவடை ஏறக்குறைய முடிந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் அடித்தாள், வைக்கோல் கட்டு, மேயும் ஆடு. தார்ச்சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது. காய்கிற நெல்லுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டுநர் பஸ்ஸைப் படகு மாதிரி செலுத்தினார். எனக்கு முன்னிருக்கையில் ஒருவர் மற்றவரிடம், “மலேசியாவுல ரோட்டுல நெல்லு காய வெச்சா ஃபைனாம்” என்றார். மற்றவர், “அப்ப நெல்லை எங்கதான் காய வெப்பானுங்க, மாடியிலயா?” என்றார். திரும்பி விளக்கலாமா என்று யோசித்தேன். எங்கள் ஊரான தைப்பிங்கில் மழை பெய்யாத நாளைத்தான் நாங்கள் குறித்துவைப்போம். அங்கே ரோட்டில் எதுவுமே காயாது. அதற்குள் அவர்கள் இறங்கிவிட்டார்கள்.

பிற்பகல் 2.40-க்கு அறுக்காத வயல் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு மா அளவு, தங்க நிறத்தில் ஒரே ஒரு சதுரம். அதற்கு எதிரே, சாலையின் மறுபக்கம், நேரடி நெல் கொள்முதல் நிலையம். (அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. நிலையத்தின் எழுத்தருக்காக விட்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.) நிலையத்தின் சிமெண்டுக் களத்தில் குவியல் குவியலாக நெல் முறைக்குக் காத்திருந்தது. ஒரு குவியலைப் பரப்பி, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் காலால் வரி வரியாகக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

என் கையில் கோப்பைப் பார்த்துவிட்டு, “எந்த ஆபீசுங்க?” என்றார்.

எந்த ஆபீசும் இல்லை, சினிமா மாதிரி ஒன்று என்றேன்.

“சினிமாவுக்கு யாருங்க கோப்பு எடுத்துக்கிட்டு வருவா?”

அவர் பெயர் இந்திராணி. ஆறு மா குத்தகைக்குச் செய்கிறார். முன்னால் நட்ட நாலு மாவை அறுத்த நெல்தான் காலடியில் கிடந்தது. பின்னால் நட்ட இரண்டு மாதான் எதிரே நின்ற அந்தச் சதுரம். புதன்கிழமை அவருக்கு இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன. ஒன்று, நெல் எடைபோடும் முறை. ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் எடுப்பார்கள். இல்லாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை போய் வந்தவர். இரண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு அறுப்பு மெஷின்.

“வானம் வேற ஒரு மாதிரி இருக்கு. இன்னொரு தடவை நனைஞ்சா முளைச்சுடும், இது நெல்லு இல்லைங்க, நாத்தங்கால்” என்றார்.

புதன்கிழமை அந்த வயலைப் படம்பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று கடிதம் எழுதி நீட்டினேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு, “எனக்கு ஒண்ணு வேணாமா? நீங்களும் போடுங்க” என்று ஒரு பிரதி வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். தேதியை ஆங்கிலம், தமிழ் இரண்டு நாட்காட்டிப்படியும் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தை 23, புதன். நீடாமங்கலத்தில் ஜெனிபரின் வேனில் ஏறிக்கொண்டேன். ஏறி நூறு அடி போவதற்குள் ரயில்வே கேட் மூடியது. ஒரு சரக்கு ரயில் முன்னால் போனது; பின்னால் வந்தது; யோசித்தது. கேட்டில் நின்றவர்கள் யாரும் பதறவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் தினசரியைப் பிரித்தார். கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஸ்டெல்லாவுக்காக அரை கிலோ பால்திரட்டு வாங்கினேன். பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் இந்த ஊர் இனிப்பு. அப்போது மணி 9.40.

ஜெனிபரோடு வந்திருந்த கேமராக்காரர் பாலு இந்த நேரத்தில் அறிமுகமானார். முப்பது சீரியலுக்கு வானத்திலிருந்து மாமியார் வீடுகளைக் காட்டியவர். “எல்லாம் ஒரே வீடுதான் சார். பெயின்டு மட்டும் மாத்துவாங்க” என்றார். வேனுக்குள் டிரோன் எட்டுக் கைகளை மடக்கிப் படுத்திருந்தது. கல்யாணங்களில் பறக்கும் சின்னது அல்ல. விரித்தால் ஒரு சாப்பாட்டு மேசை அகலம். சினிமாக் கேமராவைத் தூக்க இந்த அளவு வேண்டுமாம். நான்கு ஜோடி பேட்டரி. ஜோடிக்குப் பன்னிரண்டு நிமிடம்.

கேட் 10.31-க்குத் திறந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தின் எழுத்தர் இந்திராணியின் நெல்லைப் பிடி அள்ளி ஈரப்பதக் கருவியில் போட்டுக்கொண்டிருந்தார். “பத்தொம்பது புள்ளி ஒண்ணு.”

“சார், நேத்திலேந்து கிண்டுறேன் சார்.”

“நான் என்னம்மா பண்றது, மெஷின் சொல்லுது. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். காய வைங்க.”

ஜெனிபர் களத்தின் காலியான மூலையில் டிரோனை வைத்துச் சரிபார்ப்புப் பட்டியலை உரக்க வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் பாலு “ஓகே” சொல்ல வேண்டும். நான்காவது வரியிலிருந்து சுற்றி நின்றவர்களும் சேர்ந்து “ஓகே” சொன்னார்கள். “காற்றின் வேகம்?” என்றபோது ஒரு கிழவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “இல்லைம்மா” என்றார்.

சோதனைக்கு ஆளுயரம் எழும்பி இறங்கியது டிரோன். அந்த அரை நிமிடத்தில் களத்து ஓரத்துப் பதரெல்லாம் எழுந்து சாலையைத் தாண்டி ஓடியது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இந்திராணி மூடவில்லை.

“பாப்பா, இந்தக் காத்து எவ்ளோ நேரம் வரும்?” என்று ஜெனிபரைக் கேட்டார்.

“பன்னெண்டு நிமிஷம் அக்கா. ஏன்?”

“என் நெல்லு மேல காட்டு.”

“அக்கா, இது சினிமா டிரோன்!”

“காத்து சினிமாக் காத்தா?”

ஜெனிபர் முடியாது என்றார். இந்திராணி கோபப்படவில்லை. இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். “இதுல புதன்கெழமைன்னு இருக்கு. எத்தனை மணி வரைக்கும்னு எங்க இருக்கு? உங்களுக்கு வெயில் சாயணும், அஞ்சு மணி ஆவும்னு வேன்ல வந்தவரு சொல்றாரு. மெஷின் நாலு மணிக்கு வந்துடும். வந்தா நான் அறுக்கச் சொல்லிடுவேன்.”

வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத் தேதி இருந்தது, தமிழ்த் தேதி இருந்தது, கிழமை இருந்தது. மணி இல்லை. முப்பத்தொரு வருட உத்தியோகத்துக்கு அது அழகாக இல்லை.

“நீங்க என் நெல்லைக் காய வெச்சுக் குடுங்க. நான் மெஷினை அஞ்சு மணி வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன்” என்றார் இந்திராணி. வேறு வயல் கிடையாது. வேறு நாளும் கிடையாது. ஒப்புக்கொண்டேன். இந்த முறை மணியை எழுதிக்கொண்டேன்.

தூசியில் கேமரா கெட்டுவிடும் என்பதால் அதைக் கழற்ற வேண்டும் என்றார் ஜெனிபர். கழற்றினால் பிரயோசனமில்லை என்றார் பாலு. “கனம் தூக்கினாத்தான் விசிறி வேகமா சுத்தும், கீழ காத்து வரும். வெறும் டிரோனு பூச்சி மாதிரி பறந்துட்டுப் போயிடும்.” அப்படியானால் கேமரா எடைக்கு வேறு ஏதாவது கட்டவேண்டும். செங்கல் விழுந்தால் ஆபத்து. தண்ணீர்க் கேன் ஆடும். மூட்டையாகக் கட்டிய நெல் அவிழ்ந்துவிடலாம். யோசித்துக்கொண்டிருக்கும்போதே இந்திராணி வீட்டுக்குப் போய், பொங்கலுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய பரங்கிக்காய் மூன்றைச் சாக்கில் தூக்கிவந்தார்.

எழுத்தர் நல்ல மனிதர். நெல் நிறுக்கும் மின்னணுத் தராசில் முதலில் கேமராவை வைத்தார்: 5.8 கிலோ. பிறகு காய்களை ஒவ்வொன்றாக. 5.1. 6.4. மூன்றாவது 5.8. களத்தில் கைதட்டல். அரசாங்கத் தராசில் பரங்கிக்காய் நிறுத்ததை எழுத வேண்டாம் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அப்போதுதான். எழுதிவிட்டேன், ஊரை மட்டும் விட்டுவிட்டேன்.

பாலு காயை வலையில் கட்டித் தொங்கவிட்டு, ஆடுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தார். ஜெனிபர் பட்டியலை முதலிலிருந்து வாசித்தார். “சுமை பொருத்தப்பட்டதா?” பாலு, “பரங்கிக்காய் ஓகே” என்றார். பகல் 1.05-க்கு அது பறந்தது.

பரப்பிய நெல்லின் மேல் இரண்டாள் உயரத்தில், நிதானமாக, மேற்கிலிருந்து கிழக்கு, பிறகு கிழக்கிலிருந்து மேற்கு. கீழே பரங்கிக்காயின் நிழல் நெல்லைத் தடவிக்கொண்டே போனது. கருக்காய் எல்லாம் பறந்துபோக, நெல் மட்டும் சலசலத்து அசைந்தது. டிரோன் இறங்கியதும் இந்திராணி ஓடிப்போய்க் காலால் கிண்டுவார். அவர் விலகியதும் அது மறுபடி எழும். கடிகாரம் என் பொறுப்பு.

ஒரு ஜோடி பேட்டரிக்குப் பிறகு 18.3.

“பாதியில விட்டா பாதி ஈரந்தானே அக்கா” என்று இரண்டாவது ஜோடியை ஜெனிபரே எடுத்து மாட்டினார். என்னைக் கேட்கவில்லை. 17.7. தீர்ந்த பேட்டரிகளைச் சார்ஜில் போட்டோம். மின்னழுத்தம் போதாமல் சார்ஜர் சிவப்பு விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது ஜோடிக்கு நான் தலையசைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்டெல்லா வீடியோவில் அழைத்தாள். பக்கத்தில் இயக்குநர். அவர் மலாயில் கேட்டதை இங்கே தமிழில் தருகிறேன்: “அந்த உருண்டை என்ன கேமரா? புது மாடலா?” சொன்னேன். அவர், “அது காட்சியில் வருமா?” என்றார். ஸ்டெல்லா தமிழில், “மாமா, மாடுகள் பரவாயில்லைன்னுதானே எழுதினேன்” என்றாள்.

3.50-க்கு எழுத்தர் டீ குடிக்கப் போயிருந்தார். நெல்லை அளக்க ஆள் இல்லை. மிச்சம் ஒரே ஒரு ஜோடி பேட்டரி. இந்திராணியின் குவியலுக்கு அடுத்த குவியல்காரர் கலியபெருமாள். காலையிலிருந்து குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது எழுந்து வந்தார். “நம்மளுதுக்கும் ஒரு சுத்து விட முடியுங்களா?”

ஜெனிபர் என்னைப் பார்த்தார். பாலு வானத்தைப் பார்த்தார். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு அந்த இடத்தில் பேனா நிற்கிறது. ஒரு ஜோடிதான் இருக்கிறது, படம் எடுக்க வேண்டும் என்றேன்.

“அதுக்கென்னங்க, எடுங்க. நெல்லு எங்க போவப் போவுது” என்று சொல்லிவிட்டுப் பழையபடி போய் உட்கார்ந்தார்.

மெஷின் 4.20-க்கு வந்தது. ஓட்டிவந்தவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். ஆறு மணிக்கு அடுத்த ஊரில் முறை. இந்திராணி வரப்பில் மெஷினுக்கு நேர் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

“அக்கா, எந்திரிங்க. நேரமாவுது.”

“சாப்பிட்டியாப்பா?”

“நான் திங்க வரலைங்க்கா, அறுக்க வந்தேன்.”

“திங்காம எப்படி அறுப்பே? ஐயா, அந்தப் பையைக் குடுங்க.”

என் பையிலிருந்த பால்திரட்டை வாங்கிப் பிரித்தார். “வெளிநாட்டுக்காரரு கொண்டாந்தது. நம்ம ஊருல கெடைக்காது, தின்னு பாரு.”

ஓட்டுநர் ஒரு துண்டு வாயில் போட்டார். “நீடாமங்கலத்துல விக்கிற மாதிரியே இருக்குங்க்கா” என்றார். அடுத்த துண்டை எடுத்தார். அரை கிலோவும் 4.25-லிருந்து 4.58 வரை தாங்கியது.

பரங்கிக்காயை இறக்கிக் கேமராவைப் பொருத்தி, 4.46-க்கு ஜெனிபர் டிரோனை எழுப்பினார். பாலுவின் திரையில் ஒற்றைக் கதிர். அது சிறுத்தது. வயல் சதுரமானது, சதுரம் தபால்தலையானது. சுற்றிலும் மொட்டை வயல்கள், வாய்க்கால், சாலை, களம், களத்தில் நின்ற அத்தனை பேரும். “மேல பாக்காதீங்க!” என்று பாலு கத்தினார். என்ன சொல்கிறார் என்று கேட்க எல்லோரும் மேலே பார்த்தார்கள். இன்னொரு தடவை எடுத்தோம். அந்தத் தடவை கலியபெருமாள் ஒருவர் மட்டும் மேலே பார்க்கவில்லை. அவர் தன் நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்தார்.

டிரோன் தரை தொட்டதும் இந்திராணி வரப்பிலிருந்து எழுந்தார். மெஷின் வயலில் இறங்கியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் களத்துக்கு ஓடினார். எழுத்தர் டீ குடித்து வந்திருந்தார். பிடி அள்ளிப் போட்டார். எல்லோரும் கருவியை எட்டிப் பார்த்ததில் அவருக்கே அது தெரியவில்லை. “கொஞ்சம் நகருங்கய்யா.” மணி 5.02. “பதினாறு புள்ளி ஒம்பது.”

இந்திராணி சாக்கை எடுத்து வாயை விரித்துப் பிடித்தார். நாற்பது கிலோ சிப்பங்களாக நிறுத்துத் தைத்து, கடைசிச் சிப்பம் கொட்டகைக்குள் போனபோது மணி 5.38. முதல் தூறல் 5.41. கலியபெருமாளின் படுதாவைக் காற்று பிடுங்கியது. ஆளுக்கொரு மூலையாக ஜெனிபர், பாலு, இந்திராணி, நான் நான்கு பேரும் பிடித்து இழுத்து, அவர் குவியலை மூடிக் கல் வைத்தோம். எங்கள் ஊர் மழை கொட்டும்; இது ஊசி ஊசியாக, யோசித்து யோசித்துப் பெய்தது. எதிரே மெஷின் விளக்கைப் போட்டுக்கொண்டு மிச்ச வயலை வேகவேகமாக அறுத்துக்கொண்டிருந்தது.

வேனில் ஜெனிபர் பறப்புப் பதிவேட்டை நிரப்பினார். நோக்கம் என்ற கட்டத்தில் ‘தொலைக்காட்சி’. சுமை என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கினார். “பொய் எழுதக் கூடாது சார்” என்று சொல்லிவிட்டு, மூன்று வரிகளில் ‘பரங்கிக்காய், 5.8 கிலோ’ என்றும், நான்காவதில் ‘கேமரா, 5.8 கிலோ’ என்றும் எழுதினார். காயை இந்திராணி என் மடியில் வைத்து அனுப்பியிருந்தார். மறுநாள் விடுதிச் சமையல்காரர் அதில் கூட்டு வைத்தார். நன்றாகவே இருந்தது.

ஸ்டெல்லா எழுதிய கடைசிக் கடிதத்தின்படி, இரண்டாவது தடவை எடுத்ததில் இருபத்து மூன்று விநாடி தொடரில் வருகிறது. மனிதர்கள் வேண்டாம் என்ற இயக்குநர், காலால் நெல் கிண்டும் அந்த ஒருவர் மட்டும் இருக்கட்டும் என்றாராம். ஜெனிபருக்கு இதுவரை ஆறு பேர் தொலைபேசி, “பரங்கிக்கா டிரோனுங்களா?” என்று விசாரித்திருக்கிறார்கள்.

எனக்கு மட்டும் ஒரு கணக்கு நேராகவில்லை. இந்திராணியின் நெல்லைக் காயவைத்தது டிரோன் காற்றா, அன்றைய வெயிலா? தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே களத்தில், அதே வெயிலில், டிரோன் படாமல் கிடந்த பக்கத்துக் குவியல். இந்திராணியைக் கேட்டேன். “எது காய வெச்சா என்னங்க, சிப்பம் உள்ள போயிடுச்சுல்ல” என்றார். எழுத்தர், அன்று முறை இல்லாத நெல்லைத் தான் அளக்கவில்லை என்றார். கலியபெருமாளை மூன்று முறை அழைத்தேன். முதல் இரண்டு முறை மழை நிலவரம் பேசினார். மூன்றாவது முறை, “அன்னிக்கு யாருங்க அளந்தா? நீங்களும்தானே படுதா புடிச்சீங்க” என்றார். அவர் நெல் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்று கேட்டதற்கு, “அதெல்லாம் ஆயிடுச்சுங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆகவே, தை 23 மாலை ஐந்து மணிக்குக் கலியபெருமாளின் நெல்லில் இருந்த ஈரப்பதமும், அது எடைபோடப்பட்ட தேதியும்: உறுதிசெய்யப்படவில்லை.